தோல் பை வாங்கப் போறீங்களா? 10 வருஷத்துக்குத் திட்டம் போடுங்க!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், பெரும்பாலான தோள்களில் தொங்குவது கறுப்பு நைலான் பைதான். லேப்டாப்புடன் இலவசமாக வந்தது, கம்பெனி லோகோ போட்டது, ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கியது என்று அதில் பல ரகம். நடுவே அங்கங்கே ஒரு பழுப்பு நிறத் தோல் பையும் இப்போது கண்ணில் படுகிறது. ‘ரக்கட் லெதர்’, ‘வின்டேஜ் லெதர்’ என்று இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் வரும் அதே தடிமனான, பித்தளை பக்கிள் வைத்த பை.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரூ.5,000, ரூ.8,000 கொடுத்து வாங்குவது நியாயமா? நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா? அது உண்மையான தோல்தானா? எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தப் பையை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறோம்? பத்து வருஷம் என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டு வருஷத்தில் போரடித்துவிடும் என்றால், தோலைத் தொடாமல் இருப்பதே நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

இரண்டு பக்கமும் தோல் ஊர்கள்

இந்தத் தொழிற்பேட்டைப் பகுதி என்றதும் கார், லாரி, புல்லட், செல்போன்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதன் இரண்டு பக்கமும் இருப்பவை இந்தியாவின் முக்கியமான தோல் ஊர்கள். கிழக்கே பல்லாவரமும் குரோம்பேட்டையும். குரோம்பேட்டை என்ற பெயரே, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. உலகின் பெரிய பிராண்டுகள் பலவற்றுக்கு ஷூவும் தோலும் போவது இந்த ஊர்களிலிருந்துதான். பைக்கும் நம்மிடம் ஓர் உதாரணம் உண்டு. 1978இல் புதுச்சேரியில் திலீப் கபூர் சின்னப் பட்டறையாகத் தொடங்கிய ‘ஹைடிசைன்’, தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் பைகளால்தான் உலகம் முழுக்கத் தெரிந்தது. அதனால் ‘ரக்கட் லெதர்’ என்பது ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை, நம் பக்கத்து ஊர்ச் சரக்கு.

தோல் எப்படிப் பதமாகிறது?

உரித்த தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அழுகாமல் நிலைக்க வைக்கும் வேலைக்குப் பெயர்தான் பதனிடுதல். இதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு.

முதலாவது குரோம் முறை. குரோமியம் உப்புக் கரைசலில் தோலைப் பெரிய டிரம்களில் போட்டுச் சுழற்றுவார்கள். ஒரு நாள் அளவிலேயே முக்கிய வேலை முடிந்துவிடும். தோல் மெதுவாக இருக்கும், வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். உலகில் தயாராகும் தோலில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது.

இரண்டாவது தாவர முறை. மரப்பட்டை, காய்களில் இருக்கும் துவர்ப்புப் பொருளை வைத்துப் பதனிடுவது. இதற்கு நாள் பிடிக்கும், பழைய தொட்டி முறையில் வாரக்கணக்காகும். தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல்தான் ‘ஈ.ஐ. லெதர்’, அதாவது ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் கப்பலேறியது. அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தாவர முறைத் தோல் விறைப்பாக இருக்கும். கை படப்பட நிறம் அடர்ந்து பளபளப்பு ஏறும். ‘ரக்கட்’ என்று விற்கப்படும் பைகளின் அழகு பெரும்பாலும் இதில் இருக்கிறது. ஆனால் தண்ணீர் பட்டால் கறை பிடிப்பதும் இதில்தான் அதிகம்.

எது உசத்தி என்பது வீண் விவாதம். மழையில் பைக் ஓட்டுபவருக்குக் குரோம் தோல் வசதி. பஸ்ஸிலும் காரிலும் போகிறவர், வருஷம் ஆக ஆக அழகு கூடும் பை வேண்டுமென்றால் தாவர முறைத் தோல்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

‘ஜெனுவைன் லெதர்’ என்று அச்சடித்திருந்தால் பலருக்கு நிம்மதி. உண்மையில் அந்த வார்த்தைக்கு ‘இதில் தோல் இருக்கிறது’ என்பதற்கு மேல் பெரிய அர்த்தம் இல்லை. கேட்க வேண்டியது, தோலின் எந்த அடுக்கு என்பதுதான்.

ஃபுல் கிரெயின்: தோலின் மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே வைத்தது. இழைகள் நெருக்கமாக இருக்கும் அடுக்கு இது என்பதால் உறுதி அதிகம். கொசுக்கடி, கீறல் தழும்புகள்கூடத் தெரியலாம். அது குறை இல்லை.

டாப் கிரெயின்: மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, பூச்சு கொடுத்து ஒரே சீராக்கியது. அன்றாடப் பயன்பாட்டுக்கு இதுவும் போதும்.

ஸ்ப்ளிட்: மேல் அடுக்கைப் பிரித்த பிறகு மிஞ்சும் அடி அடுக்கு. இதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு கொடுத்து மேல் அடுக்கு மாதிரியே காட்டுவார்கள். மடிப்புகளில் முதலில் வெடிப்பது இதுதான்.

பாண்டட்: வெட்டியதில் விழுந்த தோல் துணுக்குகளைத் தூளாக்கிப் பசையில் ஒட்டிய தாள். இதைப் பத்து வருஷப் பை என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

கடையில் பையைக் கையில் எடுத்ததும் வெட்டு விளிம்பைப் பாருங்கள். உண்மைத் தோல் என்றால் விளிம்பில் நார் நாராகத் தெரியும். மேலே ஒரு படலம், கீழே துணி என்று தனித்தனியாகத் தெரிந்தால் அது தோல் இல்லை. துளைகள் எல்லா இடத்திலும் ஒரே அச்சாக இருந்தாலும் சந்தேகப்படலாம். தண்ணீர்த் துளி விட்டுப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது. பூச்சு கொடுத்த நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. ஆன்லைனில் வாங்கினால் விளிம்பின் குளோஸ்-அப் படம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

அடுத்து வார் பையோடு சேரும் இடம். பை கிழிவது பெரும்பாலும் நடுவில் இல்லை, இந்த மூட்டில்தான். அங்கே ரெட்டைத் தையலும் ரிவெட்டும் இருக்கிறதா, பக்கிள் கனமாக இருக்கிறதா, ஜிப்பைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். தோல் பத்து வருஷம் உழைக்கும், ஜிப் உழைக்காது. மாற்ற முடியாத ஜிப் வைத்த பை, ஜிப்போடு சேர்ந்தே போய்விடும்.

ரெக்ஸின் ஏன் உரிகிறது?

‘ரூ.900க்கே அதே மாதிரி பை கிடைக்குதே’ என்று கேட்கலாம். நாம் பொதுவாக ரெக்ஸின் என்று சொல்வதும், இப்போது ‘வீகன் லெதர்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதியும், துணி மேல் பாலியூரித்தேன் அல்லது பி.வி.சி. பூசியதுதான். பாலியூரித்தேனில் சாதாரண ரகங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல வெட்டும். வெப்பம் கூடினால் இந்த வேலை வேகமாகும். வெப்பமும் ஈரமும் ஒன்றாக இருக்கும் ஊர் எது என்று சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருந்த பைகூட ஒருநாள் எடுக்கும்போது பக்கோடா மாதிரி உதிர்கிறது. அதை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. குப்பையில்தான் போட வேண்டும், அங்கே அது மக்கவும் மக்காது. தோலுக்கு மாற்று வேண்டுமென்றால் ரெக்ஸினைவிட கான்வாஸ் எவ்வளவோ மேல்.

விலைச் சீட்டில் இல்லாத விலை

இதுவரை சொன்னது உங்கள் பர்ஸ் பற்றி. இனி பாலாறு.

ஒரகடம் வழியாகப் போகும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் மேற்கே போனால், சாலை முடியும் ஊருக்குப் பக்கத்திலேயே பாலாறு. ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் இதே ஆற்றின் மேற்பகுதியில் இருக்கும் ஊர்கள்.

ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட சுமார் 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். எடைக்கணக்கில் பச்சைத்தோலில் ஏறத்தாழ கால் பங்குதான் முடிவில் தோலாகக் கையில் கிடைக்கும். ஒரு பையில் ஒரு கிலோ தோல் இருக்கிறது என்று வைத்தால், அதன் பின்னால் 120 முதல் 160 லிட்டர் தண்ணீர், அதாவது எட்டு, பத்துக் குடம். அளவைவிடப் பெரிய பிரச்சினை, வெளியே வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது. தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, முடி நீக்கப் போட்ட சுண்ணாம்பும் சல்ஃபைடும், பதனிட்ட குரோமியம். குரோமியத்தைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. கரைந்த உப்பைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. பிரித்தாலும் அந்த உப்பை எங்கே கொட்டுவது என்பது அடுத்த தலைவலி.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லோருக்கும் பாடம். சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. ‘மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னதும் அந்தத் தீர்ப்புதான்.

அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. கழிவுநீரை வெளியே விடாமல் மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடுகளும் வந்தன. ஆனால் பிரச்சினை தீரவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வடமாநிலத் தொழிலாளர்களோடு ஒரே லைனில் வேலை செய்யும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று வழக்கில் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 வருஷம்.

‘நான் ஒருத்தன் பை வாங்காம விட்டா பாலாறு சுத்தமாயிடுமா?’ ஆகாது. ஆற்றைக் காப்பாற்ற வேண்டியது ஆலைகளும் அரசும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். அந்தப் பொறுப்பை வாங்குபவர் தலையில் கட்டக் கூடாது. தோலை ஒரேயடியாகப் புறக்கணிப்பதும் தீர்வு இல்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ ஆலைகளில் தைக்கும் பெண்களின் சம்பளம் அதில்தான் இருக்கிறது.

ஆனால் வாங்குபவர் கையில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கேள்வி கேட்பது: இந்தத் தோல் எந்த டேனரியிலிருந்து வந்தது? அதற்கு ‘லெதர் ஒர்க்கிங் குரூப்’ தணிக்கைச் சான்று இருக்கிறதா? டேனரிகளின் தண்ணீர், ரசாயனம், கழிவு நிர்வாகத்தைப் பார்த்துத் தரம் கொடுக்கும் சர்வதேச அமைப்பு அது. இன்னொன்று, எண்ணிக்கை. ஐந்து வருஷத்தில் மூன்று பை வாங்குபவரின் கணக்கில் மூன்று பையின் உப்பும் சேறும். பத்து வருஷம் ஒரே பையை வைத்திருப்பவர் கணக்கில் ஒன்றுதான்.

ரூபாய்க் கணக்கும் இதையே சொல்கிறது

ஓர் உதாரணம். ரூ.1,200 பை ஒன்றரை வருஷம் வரும் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ரூ.800. ரூ.6,000 தோல் பை, நடுவில் ஜிப், வார் மாற்ற ரூ.1,000 செலவோடு 10 வருஷம் வந்தால் வருஷத்துக்கு ரூ.700. அதே தோல் பையை மூன்று வருஷத்தில் தூக்கிப் போட்டால் வருஷத்துக்கு ரூ.2,000. பை ஒன்றேதான். அது சிக்கனமா ஊதாரித்தனமா என்பதை முடிவு செய்வது நீங்கள் வைத்திருக்கும் காலம்.

ஒரகடம் வாழ்க்கைக்குச் சரிவருமா?

எல்லோருக்கும் சரிவராது. லைனில் வேலை செய்பவர் என்றால், பல ஆலைகளில் பை லாக்கர் வரைக்கும்தான். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ஒரு சட்டை வைக்க ரூ.8,000 பை தேவையில்லை. டிரெய்னியாகச் சேர்ந்த முதல் மாதத்தில் இ.எம்.ஐ. போட்டு வாங்கவே வேண்டாம். ஆசையாக இருந்தால் நல்ல ஃபுல் கிரெயின் பெல்ட்டில் தொடங்குங்கள். ஒரு வருஷம் அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள முடிந்தால் பையையும் வைத்துக்கொள்வீர்கள்.

எடையும் ஒரு விஷயம். தடித்த தோலில் செய்த பேக்பேக் காலியாகவே ஒன்றரைக் கிலோ இருக்கும். லேப்டாப், சார்ஜர், சாப்பாடு சேர்ந்தால் நாலைந்து கிலோ. முதுகுவலி இருப்பவருக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே தாம்பரம் வரை போகிறவருக்கும் நைலான்தான் புத்திசாலித்தனம். மத நம்பிக்கைக்காகவோ கொள்கைக்காகவோ தோல் வேண்டாம் என்பவருக்கு கான்வாஸ் இருக்கிறது.

மாதத்தில் நாலு நாள் வெண்டார் விசிட், மற்ற நாள் ஆபீஸ், லேப்டாப் எப்போதும் கூடவே என்பவருக்குத் தோல் பை நன்றாகவே உழைக்கும். அதற்குச் சில பழக்கங்கள் வேண்டும்.

தூசி: ஒரகடம் ரோட்டில் லாரிகள் கிளப்பும் தூசி, தோலின் மடிப்பில் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும். வாரம் ஒருமுறை காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

மழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை பைக்கில் போனால் பைக்கு ஒரு ரெயின் கவர் கட்டாயம். நனைந்துவிட்டால் துடைத்து, உள்ளே செய்தித்தாளை உருண்டையாகத் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் காய வையுங்கள். வெயில், ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். வேகமாகக் காய்ந்த தோல் அப்பளமாக விறைத்துவிடும்.

பூஞ்சை: மழைக்காலத்தில் பாலித்தீன் கவரில் மூடி வைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. பழைய வேட்டித் துணியில் சுற்றி, காற்று போகும் இடத்தில் வையுங்கள். வெள்ளை படிந்தால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்துவிட்டு நிழலில் காற்றாட விடுங்கள்.

எண்ணெய்: வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். நிறம் திட்டுத் திட்டாகும், நாளாக ஆகச் சிக்கு வாடை வரும். தோலுக்கென்று விற்கும் நிறமில்லாத கிரீமை வருஷத்துக்கு இரண்டு முறை மெல்லிசாகத் தடவினால் போதும்.

வெப்பம்: வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், பைக் சைலன்சர் பக்கத்திலும் பையை விடாதீர்கள்.

கடைசியாக, அதைத் தைப்பவர்

பத்து வருஷம் என்பது வாங்குபவர் மட்டும் நினைத்தால் நடக்காது. நடுவில் வார் அறும், ஜிப் போகும், தையல் விடும். அப்போது தேவைப்படுபவர், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் குடை போட்டு உட்கார்ந்து செருப்பு தைக்கும் அண்ணன்.

தோல் பொருளை நம்பி வாழ்ந்த சமூகம்தான் நம்முடையது. கமலை இறைத்த காலத்தில் சாலின் அடியில் தொங்கிய தோல் குழாய் இல்லாமல் வயலுக்குத் தண்ணீர் இல்லை. ஆனால் அதைத் தைத்துக் கொடுத்த அருந்ததியர் உள்ளிட்ட மக்களை ஊருக்கு வெளியே வைத்தோம். தோல் வேண்டும், தோலைத் தொட்டவர் வேண்டாம் என்றோம். இன்று அதே தோலுக்கு ‘கிராஃப்ட்’, ‘ஹெரிட்டேஜ்’ என்று பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் விலை கொடுக்கிறோம். தைத்துத் தருபவரிடம் மட்டும் 50 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

தடித்த தோலில் ஊசி ஏற்றி, விட்ட தையலை மறுபடி போடுவது கைத்தொழில் தெரிந்தவர் வேலை. அவர் கேட்கும் கூலி உங்கள் பைக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயுள் கொடுக்கிறது. பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் தொழிலில் நிலைத்தால்தான் உங்கள் பத்து வருஷத் திட்டமும் நிலைக்கும்.

ஆகவே, அடுத்த ஆஃபர் நோட்டிஃபிகேஷன் வரும்போது ‘இது எனக்குப் பிடிச்சிருக்கா’ என்பதோடு நிறுத்தாதீர்கள். 2035இலும் இதைத் தோளில் மாட்டுவேனா என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் விளிம்பைப் பாருங்கள், டேனரியைக் கேளுங்கள், வாங்குங்கள். ‘தெரியல’ என்றால், இப்போது கையில் இருக்கும் பையின் ஜிப்பை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.